வயதானது கைக்கா, டிவிக்கா?

கேள்வி இது: ஒரு காலத்தில் மாரியோ, கான்ட்ரா, காசில்வேனியா, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா எல்லாம் முடித்த கை, அதே கேம்களை இப்போது பெரிய டிவியில் போட்டால் முதல் பள்ளத்திலேயே விழுகிறது. செலஸ்ட் போன்ற புதிய கேமில் அதே கை நன்றாகத்தான் ஆடுகிறது. வேறு சில புதிய கேம்களோ சேற்றில் நடப்பது போல இருக்கின்றன. கைக்கு வயதாகிவிட்டதா, பழைய கேம்களே அப்படித்தானா, வேறு ஏதாவது கோளாறா?

வயதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் பிடிக்க வேண்டியது டிவியை. அடுத்து கேமை. பட்டன் அழுத்தியதை எந்தக் கணத்தில் ஏற்றுக்கொள்வது, எவ்வளவு பிசகை மன்னிப்பது என்று ஒவ்வொரு கேமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்றின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை ஆடினால் தப்பத்தான் செய்யும்.

பழைய கன்சோல்கள் வினாடிக்குச் சுமார் 60 ஃபிரேம், அதாவது 60 தனிப்படம், அனுப்பின. ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லி செகண்ட். படக்குழாய் டிவி, வந்த சிக்னலை வந்த கையோடு மேலிருந்து கீழாக வரைந்துவிடும். பிடித்து வைத்து யோசிக்க அதற்கு மூளையே கிடையாது. இப்போதுள்ள எல்சிடி, ஓஎல்இடி டிவிகள் படத்தை வாங்கி, பெரிதாக்கி, புள்ளிகளைத் துடைத்து, அசைவை வழவழப்பாக்கிய பிறகுதான் காட்டுகின்றன. இந்த மெருகு வேலைகளைக் குறைக்கும் அமைப்புதான் கேம் மோட். அதைப் போடாத டிவியில் இந்த வேலைக்கு 50 முதல் 100 மில்லி செகண்ட் ஆகும். சிலவற்றில் அதற்கு மேலும் போகும். கேம் மோட் போட்டால் பெரும்பாலும் 10 முதல் 20-க்குள் அடங்கிவிடும்.

100 மில்லி செகண்ட் என்றால் கண் இமைக்கும் நேரம் கூட இல்லை. ஆனால் 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வைத்துப் பாருங்கள். முழு ஓட்டத்தில் மாரியோ ஒரு ஃபிரேமுக்கு 2.5 பிக்சல் நகர்கிறார். 100 மில்லி செகண்ட் என்பது 6 ஃபிரேம், ஆக 15 பிக்சல். அந்தக் கேமில் ஒரு செங்கல்லின் அகலம் 16 பிக்சல். பள்ளத்தின் ஓரத்தில் மாரியோ இருப்பதாக உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது, கேமின் கணக்கில் அவர் ஏறக்குறைய ஒரு செங்கல் முன்னால் போய்விட்டார். விளிம்பு வரை ஓடிக் கடைசி நொடியில் குதிப்பது கையில் ஊறிய பழக்கம் என்றால், அந்தப் பழக்கமே இப்போது பள்ளத்தில் தள்ளுகிறது. கை சரியாகத்தான் இருக்கிறது. திரைதான் பழைய செய்தி வாசிக்கிறது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை, ஆனால் இரண்டு மூன்று இடத்தில் வழுக்கும். பல டிவிகளில் கேம் மோட் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். ஒன்றில் போட்டது இன்னொன்றுக்கு வராது. புதிய கன்சோல்கள் டிவிக்குத் தானே சொல்லிக் கேம் மோடைப் போடவைக்கும். பழைய கன்சோலோ, எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் நிரல்) ஓடும் சின்னக் கணினியோ பெரும்பாலும் அப்படிச் சொல்லாது, கையால்தான் போட வேண்டும். இடையில் சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபையரோ இருந்து படம் அது வழியாகப் போனால், ஒரு முறை அதைக் கழற்றி நேரடியாகச் செருகிப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் சத்தம் 100 மில்லி செகண்டுக்கு மேல் பிந்தி வருவது சாதாரணம். ஒலியைக் கேட்டுத் தடுக்கும், தாளத்துக்கு அழுத்தும் கேம் எதற்கும் அது ஆகாது. கம்பி ஹெட்செட் போடுங்கள்.

பழைய கன்சோலையே மஞ்சள் கேபிளில் நேராகச் செருகுகிறவர்களுக்கு இன்னொரு வினை காத்திருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தக் கன்சோல்கள் அனுப்புவது 240 கோடு கொண்ட முழுப்படம். நிறைய புதிய டிவிகள் அதை 480 கோட்டில் ஒற்றைப்படை, இரட்டைப்படையாகப் பிரித்து அனுப்பிய அரைப்படம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைக்கின்றன. தைப்பதற்கு அடுத்த படம் வரும் வரை காத்திருக்க வேண்டுமே, தாமதம் அங்கேயே ஏறிவிடுகிறது. படமும் கெடுகிறது. மெகா மேன் அடிபட்டதும் ஒரு ஃபிரேம் தெரிந்து ஒரு ஃபிரேம் மறைந்து மின்னுவார் அல்லவா, இந்தத் தையலில் அவர் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிவார், அல்லது அடிபட்ட நேரம் முழுக்கக் காணாமலே போய்விடுவார். நின்டெண்டோவின் பழைய கன்சோலான என்இஎஸ், ஒரு கிடைக்கோட்டில் 8 ஸ்பிரைட்டுக்கு (அசையும் சின்ன உருவத் துண்டு) மேல் காட்டாது. எதிரிகள் ஒரே வரிசையில் கூடும்போது நிறைய கேம்கள் அவற்றை முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டும்; அந்த மின்னலும் இதே கதிக்கு ஆளாகும். குண்டு கண்ணில் படாமல் செத்தேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இதற்கு மருந்து, 240 கோட்டைச் சரியாகப் புரிந்து இரட்டிப்பாக்கும் சின்னப் பெட்டி. மஞ்சள் கேபிள் என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வகை போதும். ஓஎஸ்எஸ்சி நல்ல பெட்டிதான், ஆனால் அது படத்தைப் பல கம்பிகளில் பிரித்து அனுப்பும் ஆர்ஜிபி, கம்போனென்ட் சிக்னல்களுக்கு. மஞ்சள் கேபிளை அதில் அப்படியே செருக முடியாது. வாங்கும் முன் உங்கள் கன்சோல் எதைத் தருகிறது என்று பாருங்கள். இரண்டுமே முழு ஃபிரேமைச் சேமிக்காமல் சில கோடுகளை மட்டும் பிடித்து வேலை செய்வதால் கூடுதல் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள்-எச்டிஎம்ஐ மாற்றிகள் பெரும்பாலும் மேலே சொன்ன அதே தவறைத் தாங்களே செய்துவிட்டுத்தான் டிவிக்கு அனுப்புகின்றன.

எமுலேட்டரில் ஆடுகிறவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. கேமுக்குள்ளேயே ஓரிரு ஃபிரேம் தாமதம் இருக்கும்; அசல் கன்சோலிலும் அது இருந்ததுதான். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் நிரலில் ரன்-அஹெட் என்ற வசதி அதையும் கழித்துவிடும். எத்தனை ஃபிரேம் என்று குத்துமதிப்பாகப் போடக் கூடாது, அளந்து போட வேண்டும். கேம் நடக்கும்போது விசைப்பலகையில் பி அழுத்தி நிறுத்துங்கள். குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கே விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். மூன்றாவது தட்டில் உருவம் அசைந்தால் ரன்-அஹெட் 2, இரண்டாவதில் அசைந்தால் 1. எண்ணியதில் ஒன்றைக் கழிப்பதுதான் கணக்கு. ஆசைப்பட்டு ஒன்று கூடப் போட்டால், குதியின் முதல் ஃபிரேம் காணாமல் போய் உருவம் வெட்டி வெட்டி நகரும். சத்தம் கரகரத்தால் இரண்டாவது பிரதி ஓட்டும் தேர்வைப் போடுங்கள். புராசசருக்கு வேலை கூடும், 8-பிட், 16-பிட் கேம்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

படத்தை முழு எண்ணால் பெருக்குவதும் நல்லது. 240 கோட்டை 4கே திரையில் 9 மடங்காக்கினால் சரியாக 2160. 1080 திரையில் 4 மடங்கு 960-தான் வரும், மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு நிற்கும். அதை நிரப்பப் படத்தை இழுக்காதீர்கள். இழுத்தால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும், திரை நகரும்போது தரை நெளிவது போலத் தெரியும்.

திரை விஷயத்தில் கடைசியாக ஒன்று: கேமின் பிரதி எந்தப் பகுதிக்கானது என்று பாருங்கள். ஐரோப்பியப் பிரதிகள் 50 ஹெர்ட்ஸில் ஓடின. வேகத்தைத் திருத்தாமல் வெளியிட்ட கேம்கள் அங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நடக்கும், இசையும் இழுக்கும். 50 ஹெர்ட்ஸில் பழகிய கை 60 ஹெர்ட்ஸ் பிரதியை எடுத்தால் எல்லாம் ஓட்டமாக ஓடும். இதிலும் கையின் மேல் தவறில்லை.

இனி கேம்கள். குதிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும், பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதில் இருக்கிறது.

மாரியோவில் பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம். ஓடிக் குதித்தால் இன்னும் உயரம். காற்றில் இருக்கும்போதே பின்னால் இழுக்கலாம். 40 வருடம் கழித்தும் இந்தக் குதி பழசாகத் தெரியவில்லை என்பது என் மதிப்பீடு. பழைய கேம் ஒன்றைத் திரும்பத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. மூன்று உயிரும் போனால் முதலிலிருந்தா என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு: கேம் ஓவர் ஆனதும் தலைப்புத் திரையில் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். நேரக் கணக்கும் ஏமாற்று வேலைதான். 400 என்று காட்டுவது 400 வினாடி இல்லை. ஒரு எண் குறைய 24 ஃபிரேம், அதாவது 0.4 வினாடி, மொத்தம் 160 வினாடிதான்.

கான்ட்ராவிலும் காற்றில் திரும்பலாம், அதனால் கை சீக்கிரம் பிடிபடும். கஷ்டம் வேறு இடத்தில்: ஒரே அடியில் சாவு, செத்தால் கையிலிருந்த துப்பாக்கியும் போய்விடும். பரவிச் சுடும் எஸ் துப்பாக்கி இருக்கும் வரை ராஜா, போன பிறகு கூஜா. 1988-இல் வந்த என்இஎஸ் பிரதியில் தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட் என்று அழுத்தினால் 30 உயிர். இருவர் ஆடுவதானால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட்டையும் அழுத்துங்கள்.

காசில்வேனியாவில்தான் மாரியோ கை மாட்டும். குதித்த பிறகு திசை மாற்ற முடியாது. நேராக மேலே குதித்தால் நேராகக் கீழேதான். சாட்டையை வீசினாலும் உடனே நீளாது, கையைப் பின்னுக்கு இழுத்த பிறகே வரும். அடிபட்டால் பின்னால் தூக்கி எறியும். பின்னால் பள்ளம் இருந்தால் ரத்தக்கோடு நிறைய இருந்தும் சாவுதான். இதைக் கெட்ட கட்டுப்பாடு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதிரிகள் இந்தக் குதிக்கு ஏற்ற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறார்கள். அலையலையாக வரும் மெடூசா தலைகளைப் பார்த்துவிட்டுக் குதிப்பது தாமதம். அலை எங்கே கீழிறங்கும் என்று எண்ணிவைத்துச் சாட்டையை முன்கூட்டியே வீச வேண்டும். படிக்கட்டில் நிற்கும்போது அடிபட்டால் தூக்கி எறியாது, இதை நினைவில் வையுங்கள். கிடைக்கும் இதயங்கள் உயிர் இல்லை, துணை ஆயுதத்துக்கான தோட்டா. மேல்திசையோடு பி அழுத்தினால் துணை ஆயுதம் வரும். மரணதேவனிடம் போகும்போது ஹோலி வாட்டரோடு போங்கள். தொடர்ந்து எறிந்தால் நெருப்பில் அப்படியே உறைந்து நிற்பான். வழியில் கோடாரியோ கடிகாரமோ கண்ணில் பட்டு, ஆசையில் எடுத்துவிட்டால் ஹோலி வாட்டர் போய்விடும். அவனுக்கு முன்னால் வரும் நீண்ட தாழ்வாரத்தில் பாதிப் பேர் தோற்பது அதனால்தான்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா (1989) இன்னும் ஒரு படி மேலே. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, அதைப் படம் படமாக வரைந்து இளவரசனை உருவாக்கினார். மனிதன் ஓடும்போது நினைத்த நொடியில் குதிக்க முடியாது, கால் தரையில் ஊன்ற வேண்டும். இளவரசனும் அப்படியே: நீங்கள் அழுத்தியதை அவன் அடுத்த காலடியில்தான் நிறைவேற்றுவான். ஆகையால் விளிம்பில் அழுத்தாதீர்கள், ஒரு காலடி முன்னதாகவே அழுத்துங்கள். நிற்கும் இடம் சந்தேகமாக இருந்தால் ஷிஃப்ட்டோடு அம்பு விசை; சின்ன அடியாக நகர்ந்து சரியாக விளிம்பில் நிற்பான். அங்கே இன்னொரு முறை அழுத்தினால் காலை நீட்டித் தொட்டுப் பார்ப்பான், அதுதான் எச்சரிக்கை. அதற்கும் மேல் அழுத்தினால் இறங்கிவிடுவான். ஈட்டி முளைக்கும் தரையிலும் ஷிஃப்ட் அடியாகப் போனால் ஒன்றும் ஆகாது. மொத்தம் 60 நிமிடம்தான் என்பதால் எல்லா இடத்திலும் இப்படி ஊர்ந்தால் நேரம் போதாது. ஓட வேண்டிய இடம், ஊர வேண்டிய இடம் என்று தளங்களைப் பிரித்து மனதில் வைப்பதுதான் இந்தக் கேமே.

1996-இன் டோம்ப் ரைடர் இதை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனது. உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். நடக்கும் பட்டனைப் பிடித்தபடி விளிம்புக்குப் போங்கள், நாயகி லாரா விழமாட்டாள். பின்பக்கம் ஒரே ஒரு துள்ளல். பிறகு முன்திசையையும் குதியையும் சேர்த்துப் பிடியுங்கள்; ஓடிவந்து சரியாக விளிம்பில் தானே எம்பும். எட்டிப் பிடிக்க வேண்டிய தூரமென்றால் காற்றிலேயே ஆக்‌ஷன் பட்டனைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த மறுபதிப்பில் புதிய கட்டுப்பாடும் சேர்த்திருக்கிறார்கள். பார்க்க வசதிதான், ஆனால் மட்டங்கள் கட்டப்பட்டது பழைய கணக்குக்கு. தூரத் தாவல்களில் பழைய கட்டுப்பாட்டுக்கு மாறிக்கொள்வதே நிம்மதி.

இவற்றோடு 2018-இன் செலஸ்டை வைத்துப் பாருங்கள். கடினமான கேம் என்று பெயர், ஆனால் உள்ளே நம் பிசகுகளை மூடி மறைக்கும் வேலை எக்கச்சக்கம். விளிம்பைத் தாண்டி 0.1 வினாடி ஆன பிறகும் குதி செல்லும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கும். தலை ஒரு மூலையில் இடித்தால், சில பிக்சல் பிசகுதான் என்றால் உங்களை ஓரமாக நகர்த்தி மேலே அனுப்பிவிடும். சுவரை ஒட்டாமல் 2 பிக்சல் தள்ளி இருந்தாலும் சுவர்த் தாவல் கிடைக்கும். குதியின் உச்சியில் பட்டனைப் பிடித்திருந்தால் ஈர்ப்பு பாதியாகி, இறங்கும் இடம் தேட நேரம் தரும். 0.1 வினாடி என்பது 6 ஃபிரேம், அதாவது மேலே சொன்ன டிவி தாமதத்தின் அதே அளவு. மோசமான டிவியிலும் செலஸ்ட் ஓரளவு கைக்கு வருவதற்கும், மாரியோ வராததற்கும் முக்கியக் காரணம் இந்த 6 ஃபிரேம்தான். கேள்வியில் பாதிக்கு இதுவே பதில்.

டெட்ரிஸ் தனி ஜாதி. 1989-இன் என்இஎஸ் டெட்ரிஸில் பக்கவாட்டு விசையைப் பிடித்தால் முதல் நகர்வுக்குப் பின் 16 ஃபிரேம் காத்திருக்கும், பிறகு 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம். 0 மட்டத்தில் துண்டு ஒரு வரிசை இறங்க 48 ஃபிரேம், 18-இல் 3, 19 முதல் 2, 29-இல் 1. 29-ஆம் மட்டத்தில் 20 வரிசையையும் 20 ஃபிரேமில், மூன்றில் ஒரு வினாடியில், கடந்துவிடும். விசையைப் பிடித்து நகர்த்தினால் அதற்குள் மூன்று நான்கு கட்டம்தான் தேறும், ஓரத்துக்குப் போய்ச்சேராது. அதனால்தான் அதைத் தாண்டவே முடியாத சுவர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு விசையைப் பிடிக்காமல் மிக வேகமாகத் தட்டும் முறை அந்தச் சுவரில் விரிசல் விட்டது. பட்டனின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகை மறு கை விரல்களால் வரிசையாகத் தட்டும் முறை வந்ததும் சுவரே உடைந்தது. 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-ஆம் மட்டம் வரை போய்க் கேமையே உறையவைத்தான்.

இன்றைய டெட்ரிஸில் ஏழு துண்டும் ஒரு பையில் போட்டுக் குலுக்கித் தருவது போல வருகின்றன. நீளக் கட்டைக்குக் காத்திருந்தால் நடுவில் அதிகம் போனால் 12 துண்டு. பழையதில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒன்றை எடுத்துவைக்கும் வசதி, விழும் இடத்தின் நிழல், ஒரே அடியில் இறக்கும் பட்டன் எதுவும் இல்லை. புதியதில் பழகியவர் பழையதில் செய்யும் ஒரே பெரிய தவறு, வலது ஓரத்தில் குழி வைத்து நீளக் கட்டை வந்தே தீரும் என்று கட்டிக்கொண்டே போவது. பாதி உயரம் ஏறிவிட்டால் ஆசையை விட்டுக் கிடைத்ததைக் கொண்டு வரிசைகளைக் கழியுங்கள்.

சேற்றில் நடக்கிற புதிய கேம்களுக்கு வருவோம். இவற்றில் பல, அசைவு அழகாக முடிந்த பிறகே அடுத்த கட்டளையை எடுக்கின்றன. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம், தாத்தாவின் கணக்குச் சுத்தம் மட்டும் வரவில்லை. 2015-இன் விட்சர் 3-இல் நாயகன் ஜெரால்ட் திரும்பவே அரை வட்டம் போடுவார். புகார் பெருகி, அதே ஆண்டு மாற்று நகர்வு முறை என்ற தேர்வைச் சேர்த்தார்கள். அமைப்புகளில் அதைப் போட்டுவிட்டுத்தான் அந்தக் கேமை மதிப்பிட வேண்டும், ஆள் வேறாகிவிடுவார்.

டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் வகையில் சிக்கல் நுட்பமானது. அடியிலிருந்து தப்ப உருளவும், ஓடவும் ஒரே பட்டன். தட்டலா, பிடித்தலா என்று கேமுக்குத் தெரிய வேண்டும், ஆகவே விரலை எடுக்கும்போதுதான் உருளும். பதற்றத்தில் பட்டனை அமுக்கிப் பிடிப்பவர்கள் அதனாலேயே அடி வாங்குகிறார்கள். சூடான பாத்திரத்தைத் தொட்டது போல வெடுக்கென்று தட்டிவிட்டு விரலை எடுங்கள். இரண்டு முறை தட்டினால் இரண்டாவதும் வரிசையில் நின்று, வேண்டாத நேரத்தில் ஒரு உருளல் வரும். எல்டன் ரிங்கில் சுமை 70 சதவீதத்தைத் தொட்டால் உருளல் கனத்துப் போகும். புதுக் கவசம் மாட்டியதும் அந்த எண்ணை ஒரு பார்வை பாருங்கள்.

ரெசிடென்ட் ஈவில் 4-இன் 2005 பதிப்பில் குறிபார்க்கும்போது நகர முடியாது. அதைக் குறை என்று இப்போது சொல்வார்கள். ஆனால் எதிரிகள் கிட்டே வந்ததும் தயங்கி நிற்பது, முகத்தில் சுட்டால் தடுமாறுவது, ஓடிப்போய் உதைப்பது எல்லாம் அந்த நிற்றலைச் சுற்றிக் கட்டியவை. 2023 மறுஆக்கத்தில் நடந்தபடி சுடலாம். பதிலுக்கு எதிரி வேகமாக வருகிறான், முகத்தில் சுட்டாலும் தடுமாறுவான் என்ற உறுதி இல்லை. கத்தியால் கோடாரியையே தடுக்கலாம், ஆனால் கத்தி தேயும், வியாபாரியிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். நெருக்கடியில் கத்தி இல்லாமல் நிற்பவர்கள், தடுக்க வேண்டிய கத்தியைப் பதுங்கிக் கொல்வதில் தீர்த்தவர்கள். இரண்டில் எது மேல் என்றால், சண்டையின் சுருதி சுத்தத்துக்குப் பழையதையே எடுப்பேன்.

கணினியில் ஃபிரேம் ஜெனரேஷன் (உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே செயற்கை ஃபிரேம் செருகும் வசதி) போட்டுவிட்டு, வினாடிக்கு 120 ஃபிரேம் காட்டுகிறதே ஏன் கனக்கிறது என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நடுவில் செருகும் ஃபிரேமை வரைய, அடுத்த உண்மையான ஃபிரேமைப் பிடித்து வைக்க வேண்டும். அதுவே கூடுதல் தாமதம். அடிப்படை வேகம் 60-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் போடுங்கள். கன்சோலில் தரம், வேகம் என்று இரண்டு தேர்வு இருந்தால் சண்டை கேமுக்கு வேகம்தான்.

அண்மையில் அதிகம் புலம்பவைத்தது 2025 செப்டம்பரில் வந்த ஹாலோ நைட் சில்க்சாங், ஹாலோ நைட்டின் அடுத்த பாகம். கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் கேமில் ஓர் அடிக்கு 11 ஆன்மா, 33-க்கு ஒரு முகமூடி உயிர். மூன்று அடிக்கு ஒன்று. சில்க்சாங்கில் ஓர் அடிக்கு ஒரு பட்டு நூல், 9 நூலுக்கு மூன்று முகமூடி. விகிதம் அதேதான்! ஆனால் மூன்றையும் மொத்தமாகத்தான் வாங்க முடியும், சில்லறை கிடையாது. தொடக்கத்தில் நூல்கண்டின் கொள்ளளவே 9 என்பதால், 4 நூல் செலவாகும் ஒரு வித்தையை வீசினால் குணமாகும் வாய்ப்பு போயிற்று. தொடங்கும்போது 5 முகமூடி, பல பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள், ஒரே அடியில் இரண்டைப் பறிக்கும். எனவே நூல் நிறைந்து இரண்டோ மூன்றோ முகமூடி இருக்கும்போதே நூலைச் செலவழித்துக் குணமாகிக்கொள்ளுங்கள். ஒன்று மிஞ்சும் வரை இழுக்காதீர்கள். காற்றிலேயே குணமாகலாம் என்பது முதல் கேமில் இல்லாத சலுகை. பாஸின் தரை அடியைத் தாண்டிக் குதித்த உச்சியில் செய்வது பாதுகாப்பு. நடுவில் அடிபட்டால் நூல் அத்தனையும் வீண்.

கீழ்நோக்கிக் குத்துவதுதான் பழைய கையை அதிகம் குழப்பும். முதல் கேமில் நேர் கீழே, இதில் நாயகி ஹார்னெட் சாய்வாகப் பாய்கிறாள். எதிரியின் தலைக்கு நேர் மேலே வந்து அழுத்தினால் தாண்டிப் போய்விடுவாள், சற்று முன்னதாகவே அழுத்த வேண்டும். பழக்கம் வரவே இல்லையென்றால் சண்டை முறையை மாற்றும் வாண்டரர் முத்திரையைத் தேடி எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். நேர் கீழ்க் குத்து திரும்பிவரும். இங்கே காசாகப் பயன்படும் மணிகளைச் சரமாகக் கோத்து வைத்தால் செத்தாலும் போகாது. செத்த இடத்தில் கிடக்கும் கூட்டை உடைத்தால் நூல் நிறையும், ஆகவே பாஸ் அறைக்குள் அது இருந்தால் நுழைந்தவுடன் உடைக்காமல் நூல் தீரும் வரை விட்டுவையுங்கள்.

டூமை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1993 டூமின் கடிகாரம் வினாடிக்கு 35 துடிப்பு. 320-க்கு 200 பிக்சல் படத்தை 4:3 திரையில் நீட்டிக் காட்டவே வரைந்தார்கள். அந்தத் திருத்தம் இல்லாமல் போட்டால் அரக்கர்கள் எல்லாம் குட்டையாகத் தெரிவார்கள். மேலும் கீழும் குறிபார்க்கத் தேவையில்லை, நேர்க்கோட்டில் இருந்தால் குண்டு தானே உயரம் பார்த்துக்கொள்ளும். பழைய முறையில் மவுஸை முன்னால் தள்ளினால் ஆளே முன்னால் ஓடுவான். பழைய டூமை இன்றைய கணினியில் ஓட்டும் சாக்கலேட் டூம் நிரலில் அதை நிறுத்த ஒரு தேர்வு இருக்கிறது, முதல் வேலையாக அதைப் போடுங்கள். முன்னோட்டத்தோடு பக்கவாட்டையும் சேர்த்துப் பிடித்தால் நேராக ஓடுவதைவிட வேகம். 2020-இன் டூம் எடர்னலில் இப்படி ஓடிச் சுட்டால் மட்டும் போதாது. தொடக்கத்தில் ஷாட்கன் தோட்டா 16-தான். தோட்டா தீர்ந்தால் செயின்சா, உயிர் குறைந்தால் கையால் முடித்துக் கொல்லுதல், கவசத்துக்கு நெருப்பு வீசல். செயின்சாவின் முதல் எரிபொருள் கட்டம் தானாக நிறையும், அதைச் சேமித்து வைப்பதில் லாபமே இல்லை. சின்ன எதிரி ஒருவனை எப்போதும் உயிரோடு விட்டுவைத்து, தோட்டா குறைந்ததும் அவனை அறுங்கள்.